ஐந்தாவது கேபிள்

ஆகஸ்ட் 5, திங்கள்

எப்சிபாவின் டேப்லட் கேபிள் இன்று காலை போய்விட்டது. செருகும் முனைக்குக் கீழே ரப்பர் விண்டு செம்பு தெரிகிறது. இது நடக்கும் என்று டேப்லட் வந்த அன்றைக்கே சொன்னேன். கேபிள் செய்கிறவன் வளையாத இடத்தில் தாராளம் காட்டுகிறான், வளைகிற இடத்தில் கஞ்சத்தனம் பண்ணுகிறான்.

மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்துப் போர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். சப்-ஸ்டேஷனில் மணிக்கொரு தரம் லாக் புத்தகம் எழுதிய கை. எழுதாமல் இருந்தால் நமநமக்கிறது. அதனால்தான் இந்த டைரி. லாக் புத்தகத்தில் நடந்ததைத்தான் எழுதுவார்கள். அதையே இங்கும் செய்கிறேன்.

போன டிசம்பரில் எப்சிபாவுக்கு நாக்கில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். புற்று. முப்பது வருஷம் தபாலாபீஸ் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பாளையங்கோட்டையையே அதட்டிக்கொண்டிருந்த வாய் அது. இப்போது வருவது ஒரு சத்தம்தான். எனக்கு மட்டும் அது புரியும் என்று வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மகள் ஜெனிட்டா மஸ்கட்டிலிருந்து வந்தபோது இந்த டேப்லட்டை வாங்கிக் கொடுத்தாள். எப்சிபா இடது கை விரலால் தமிழில் அடித்தால், உள்ளே ஒரு பெண் செய்தி வாசிப்பது போல வாசிக்கிறாள்.

காகிதத்தில் எழுதலாமே என்று தேவதாசன் கேட்டான். எப்சிபாவின் தம்பி. ஆபரேஷனில் கழுத்தையும் வெட்டியதில் அவளுக்கு வலது தோள் நரம்பு போய்விட்டது. நாலு வரி எழுதினால் கை துவண்டுவிடுகிறது. தவிர, அவள் எழுதி நீட்டுகிற நேரமாகப் பார்த்து என் கண்ணாடி எங்கேயாவது போய்விடுகிறது.

போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். கழுத்தில் மறுபடியும் கட்டி. சென்னைக்குப் போய்ப் பெரிய ஆபரேஷன் செய்யலாம், குரல்பெட்டியையும் எடுக்க வேண்டிவரும், அதற்குப் பிறகு சாப்பாடு வயிற்றில் வைக்கும் குழாய் வழியாகத்தான் என்றார் டாக்டர் சங்கரகோமதி. 23-ஆம் தேதி வந்து முடிவைச் சொல்லுங்கள் என்றார். இதில் முடிவு சொல்ல என்ன இருக்கிறது? ஆபரேஷன்தான்.

சாயங்காலம் மார்க்கெட் பக்கம் நடைபாதையில் ஒரு கேபிள் வாங்கினேன். அறுபது ரூபாய். வெள்ளை நிறம். விற்றவன் அதை முறுக்கிக் காட்டினான், இழுத்துக் காட்டினான். சார்ஜ் ஏற்றிக் காட்டவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மூன்று மணி நேரத்தில் ஒன்பது சதவீதம். திரையை எரியவிட்டால் அந்த ஒன்பதும் இறங்குகிறது. அறுத்துப் பார்த்தேன். உள்ளே செம்பு பதினோரே இழை, முடி மாதிரி. மீதியெல்லாம் பிளாஸ்டிக். இதில் ஆம்பியர் போகும் என்று நம்பி வாங்கியவனுக்கு மின்வாரியம் பென்ஷன் கொடுக்கிறது.

அறுக்காமல் இருந்திருந்தால் ஒன்பது சதவீதமாவது ஏறியிருக்கும் என்று எப்சிபாவின் முகத்தில் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒன்றை இரவல் கேட்டு வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் கஞ்சியை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஆற வைத்துக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. டேப்லட்டை மடியில் வைத்து அடித்தாள். அந்தப் பெண் வாசித்தாள்.

“இருபத்து மூணாம் தேதி டாக்டர்ட்ட நான் ஒண்ணு சொல்லணும். அதை மொதல்ல உங்ககிட்ட”

அவ்வளவுதான். அணைந்துவிட்டது.

“சார்ஜ் தீந்துபோச்சுட்டி. நல்ல கேபிளா ஒண்ணு வாங்கிட்டு வாரேன், பொறு” என்றேன். அவள் ஏதோ சத்தம் கொடுத்தாள். புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இறங்கும் முன் வழக்கம்போல ஸ்விட்ச் எல்லாவற்றையும் அணைத்தேன். முப்பத்துநான்கு வருஷப் பழக்கம்.

கேபிள் கடை திறந்திருக்கவில்லை. மார்க்கெட்டை இரண்டு சுற்றுச் சுற்றி மீன் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்த பிறகுதான் யாருக்கு என்று யோசித்தேன். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன், இரவல் கேபிளோடு சேர்த்து.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காஜா முகைதீனின் கடை. செல்போன் சாமான் எல்லாம் வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிக் கடையின் எந்த மூலையையும் தொட்டுவிடுகிறார்.

“தடியா ஒண்ணு குடுங்க. ரெண்டு மீட்டர்” என்றேன்.

“தடிய வச்சு என்ன செய்யப் போறிய அண்ணாச்சி? மேல நூலச் சுத்தித் தடியாக்கிருவான். எத்தன வாட்டு தாங்கும்னு போட்டிருக்கான்னு பாக்கணும். முனைக்குக் கீழ ரப்பர் நீளமா இருக்கான்னு பாக்கணும். ஆறு மாசத்துக்கு மாத்திக் குடுப்பேன்னு எழுதியிருக்கான்னு பாக்கணும். நீளம் ஒரு மீட்டர் போதும். நீளம் கூடக் கூட...”

“வோல்டேஜ் இறங்கும். எனக்குச் சொல்லித் தாரீரா?” என்றேன்.

“தெரிஞ்சுக்கிட்டேவா ரெண்டு மீட்டர் கேக்குதிய?”

ஹாலில் பிளக் பாயின்ட் ஆறரை அடி உயரத்தில் இருக்கிறது. ஜெனிட்டா தவழும் வயதில் நான்தான் அப்படி வைத்தேன், பிள்ளை கை விட்டுவிடக் கூடாதென்று. எப்சிபாவின் நாற்காலி அதற்குக் கீழே சற்றுத் தள்ளி. ஒரு மீட்டர் எட்டாது. இதையெல்லாம் ஒரு கடைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு என்ன தலையெழுத்து? இரண்டு மீட்டரே வாங்கினேன். சாம்பல் நிறம், மேலே நூல் பின்னியது. பார்க்கப் புதுச் செருப்பு வார் மாதிரி கம்பீரமாக இருந்தது.

ஆகஸ்ட் 10, சனி

கம்பீரத்தால் பிரயோஜனம் இல்லை. நாலு மணி நேரத்துக்குப் பதினேழு.

மறுபடி கடைக்குப் போனேன். சார்ஜரையும் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும் என்று காஜா தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது: டேப்லட்டோடு வந்த சார்ஜரை நான் என் போனுக்கு எடுத்துக்கொண்டு, என் பழைய சார்ஜரை அவளுக்கு வைத்திருந்திருக்கிறேன். எப்போது மாற்றினேன் என்று நினைவில்லை.

“மேல தொட்டியில தண்ணியே இல்ல, நீங்க குழாய மாத்திக்கிட்டு இருக்கிய” என்றார். ஒரு போர்மேனைப் பார்த்துச் சொல்லுகிற பேச்சா இது? வீட்டுக்கு வந்துவிட்டேன். சார்ஜரை மாற்றி வைத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. எல்லோரும் கேட்பார்கள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அடுப்படியில் சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தேன். அவளுக்கு இப்போது ருசி தெரிகிற சாப்பாடு சொதி ஒன்றுதான். காய்கறியை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் கொடுப்பேன். தலையைப் பின்னால் சாய்த்து ஒவ்வொரு வாயாக இறக்குவாள். ஒரு தம்ளர் குடிக்க முக்கால் மணி நேரம்.

ஹாலில் ஜெனிட்டாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தி வாசிக்கிறவள் குரல் கேட்டது.

“உங்க அப்பாட்ட சொல்ல முடியல. ஆரம்பிச்சாலே எந்திச்சுப் போயிருதாவ.”

“நான் சொல்லட்டாம்மா?”

“வேண்டாம். நான்தான் சொல்லணும்.”

மிக்ஸியைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் போட்டேன்.

பிறகு ஜெனிட்டா என் போனுக்கு வந்தாள். “அப்பா, அம்மா டேப்லட் எப்பப் பாத்தாலும் எட்டுலயும் பத்துலயும்தான் இருக்கு. என்ன செய்யுதிய அங்க?”

“கேபிள் ஒண்ணும் சரியில்ல பாப்பா. தெனமும் அதுக்குத்தான் அலையுதேன்.”

“நான் ஒண்ணு அனுப்புதேன்.”

வேண்டாம் என்றேன். கேட்டால்தானே?

இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் ஸ்விட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சேவியர் கல்லூரி மைதானம் வரை நடந்தேன். திரும்பி வந்து மறுபடியும் நடந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஜெனிட்டா ஆன்லைனில் அனுப்பியது வந்தது. காந்தக் கேபிள். முனையில் ஒரு சிறு குமிழை டேப்லட்டில் செருகி வைத்துவிட வேண்டும். கேபிளைப் பக்கத்தில் கொண்டுபோனால் தானே போய் ஒட்டிக்கொள்ளும். நீல விளக்கு வேறு எரிகிறது. எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது இரண்டாம் தடவை. கொஞ்சம் தள்ளியிருந்து கேபிளை நீட்டி வித்தை காட்டினேன்.

ஒட்டுகிற வேகத்திலேயே கழன்றும் விடுகிறது. அவள் மடியை அசைத்தால் போச்சு. மத்தியானத்துக்குள் குமிழையும் காணோம். சோபாவுக்கு அடியிலும் அரிசிப் பானையிலும் தேடினேன். கடைசியில் என் சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று எப்சிபா கேட்கவில்லை. சும்மா பார்த்தாள்.

காந்தமென்றால் சாவியில் ஒட்டத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை என்பதால் தேவதாசன் பெண்சாதியோடு வந்தான். திராட்சையும் ஆப்பிளும் வாங்கி வந்திருந்தான். அக்காளால் சாப்பிட முடியாது என்பது அவனுக்கு இன்னும் மண்டையில் ஏறவில்லை.

“அக்கா என்ன சொல்லுதாவ மச்சான்? சென்னைக்குப் போறதுக்குச் சம்மதந்தானே?”

“அவளுக்கு என்ன? தைரியமாத்தான் இருக்கா. ரெடியா இருக்கா” என்றேன்.

எப்சிபா டேப்லட்டை எடுத்தாள். நாலு சதவீதம். விரல் வேகமாக ஓடியது. அடித்து முடித்து, வாசிக்கும் பொத்தானை அமுக்கினாள். “தேவா, அவிய சொல்லுதது” என்பது மட்டும் வந்தது. திரை கறுத்துவிட்டது.

கரண்டியால் மேஜையைத் தட்டினாள். ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. தேவதாசன் என்னைப் பார்த்தான். “என்ன மச்சான் சொல்லுதாவ?”

“காப்பி குடுக்கச் சொல்லுதா.”

காப்பி போடப் போனேன்.  கேபிள் சரியில்லை.

ஆகஸ்ட் 17, சனி

டேப்லட், சார்ஜர், மூன்று கேபிள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு காஜா கடைக்குப் போனேன். பையை மேஜை மேல் கவிழ்த்தேன். “எல்லாம் குப்பை” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார். கேபிளுக்கும் சார்ஜருக்கும் நடுவில் அதைச் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காட்டுகிறது. நான் இத்தனை நாள் வாயால் திட்டியதை அது எண்ணாகச் சொன்னது. இரண்டு மீட்டர் கேபிள் சுமார். காந்தம் மோசம். பழைய கேபிள் செத்தேவிட்டது. பிறகு ஒரு மீட்டர் நீளத்தில் கறுப்பாக ஒன்றை எடுத்துச் செருகினார். முனையில் ரப்பர் ஒரு விரற்கடை நீளம். அறுபது வாட் தாங்கும் என்று அச்சடித்திருந்தது. மீட்டரில் எண் ஏறி, ஏறிய இடத்தில் அப்படியே நின்றது. எனக்கே பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஒழுங்காக ஓடுகிற லைனைப் பார்த்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

ஒரு டீ குடித்து, ஊர்க்கதை பேசி முடிக்கும்போது மூன்று சதவீதம் முப்பத்தெட்டாகிவிட்டது.

“வெலையும் கூட இல்ல. முன்னூறு. இதுக்கு மேல வாங்குறது பேருக்குக் குடுக்குற காசு, கீழ வாங்குறது பிளாஸ்டிக்குக்குக் குடுக்குற காசு. எட்டாட்டி ஒரு எக்ஸ்டன்ஷன் பலகை போட்டுக்கிடுங்க” என்றார். பிறகு, “அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே? வீட்டுல கரண்டு ஒழுங்கா வருதா?”

“யாருகிட்ட கேக்கீரு? இந்த ஊருக்கே கரண்டு குடுத்தவன்யா நான்!”

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஐந்தாவது கேபிளை வாங்கிக்கொண்டு, எக்ஸ்டன்ஷன் பலகை வாங்காமல் வந்தேன். இரண்டு ஸ்டூலை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் டேப்லட்டை வைத்துச் செருகினேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆறு சதவீதம். காரணம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

லாக் புத்தகத்தில் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

காலையில் பால் வாங்கக் கிளம்பினேன். ஸ்விட்சை அணைத்தேன். தெருமுனை வரை போன பிறகு தூக்குப் பாத்திரத்தை எடுக்கவில்லை என்று தெரிந்து திரும்பினேன். வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

எப்சிபா ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒட்டடைக் கம்பு. வலது தோளைத் தூக்க முடியாது, அதனால் இடது கையால் கம்பைப் பிடித்து, ஆறரை அடி உயரத்தில் இருக்கிற ஸ்விட்சைத் தட்டிப் போட முயன்றுகொண்டிருந்தாள். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவை சுவரில் இடித்தது. மூன்றாம் தடவை விழுந்தது. டேப்லட்டில் சார்ஜ் ஏறுகிற அடையாளம் வந்ததும் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் அந்த ஸ்விட்சைச் சுற்றிலும் சுண்ணாம்பு பெயர்ந்து சின்னச் சின்னக் குழிகள். ஒரு நாளில் விழுந்த குழிகள் இல்லை.

என்னைப் பார்த்தாள். ஒளிக்கவில்லை. உட்கார்ந்து அடித்தாள்.

“நீங்க அணைச்சிட்டுப் போறிய. நான் போட்டுக்கிடுதேன். நீங்க வந்து திரும்பியும் அணைக்கிய. எத்தன நாளைக்கு இப்படி?”

“பழக்கம்ட்டி” என்றேன். “சர்வீஸ்ல இருந்த பழக்கம். கை தானா போயிருது.”

 கையை உயர்த்தி மேலே காட்டினாள். அவள் தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மூலையைக் காட்டினாள். கொசு மருந்து இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுப்படிக்குள் பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அவை எல்லாம் அதே பலகையிலும் பக்கத்துப் பலகையிலும் இருக்கிற ஸ்விட்சுகள்தான்.

“ஸ்விட்ச் எல்லாவற்றையும் அணைத்தேன்” என்று இந்த டைரியில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தேன். அணைத்தது ஒன்றே ஒன்று.

தெரிந்து செய்தேனா என்று என்னையே கேட்கிறேன். ஒரு தடவைகூட, இதை அணைத்தால் இவள் பேச மாட்டாள் என்று நினைத்துக் கை வைத்ததில்லை. ஆனால் டேப்லட்டில் எட்டு சதவீதம் என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிம்மதி வந்திருக்கிறது. அது எனக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்று சொல்லப் போகிறாள். சொல்லிவிட்டால் சொன்னதுதான், முப்பது வருஷம் கவுன்டரில் இருந்தவள், போட்ட முத்திரையை அழிக்கிறவள் இல்லை. சொல்லாத வரைக்கும் சென்னை இருக்கிறது, ஆபரேஷன் இருக்கிறது, அவள் இருக்கிறாள்.

நாக்கை எடுத்தது டாக்டர்கள். மீதியை எடுத்தது நான். வெட்கமாக இருக்கிறது. பாலும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையிலேயே ஏணியை எடுத்தேன். ஹால் பலகையிலிருந்து பைப் இறக்கி, அவள் நாற்காலிக் கைப்பிடி உயரத்துக்குப் புதுப் பிளக் பாயின்ட் வைத்தேன். மெயினை நிறுத்தி, சுவரைக் கொத்தி, ஒயர் இழுத்து, பூசி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஸ்விட்ச் வைக்கவில்லை. வீட்டுக்குள் நேர் இணைப்புக் கொடுக்கக் கூடாது என்று நூறு பேருக்கு மெமோ கொடுத்தவன் நான். இன்றைக்குக் கொடுத்தேன். என் கையை நான் நம்பவில்லை.

எப்சிபா நாற்காலியில் இருந்து வேலையை மேற்பார்வை பார்த்தாள். பூச்சு கோணல் என்று விரலால் காட்டினாள். கோணல்தான்.

ஐந்தாவது கேபிளைச் செருகினேன். மூன்று மணிக்கு நூறு சதவீதம் ஆனதும் கேபிளைக் கழற்றி டேப்லட்டை அவள் மடியில் வைத்தேன். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். “சொல்லு” என்றேன்.

நெடுநேரம் அடித்தாள். தெருவில் ஐஸ்காரன் போனான், பக்கத்து வீட்டில் குக்கர் ஆறு விசில் அடித்தது. எழுந்து போக வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை.

“எனக்கு ஆபரேஷன் வேண்டாம்” என்று ஆரம்பித்தாள் அந்தச் செய்தி வாசிக்கிறவள். “நூத்துக்கு இருபது பேருக்குத்தான் பலிக்குமாம். நான் டாக்டர்ட்ட தனியா எழுதிக் கேட்டேன். பலிச்சாலும் குழாயில ஊத்துத சாப்பாடு. சென்னையில ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்து நான் சாவ மாட்டேன். இங்கன இருந்து, சொதி குடிச்சுக்கிட்டு, ஜெனிட்டா வரும்போது அவள நல்லாப் பாத்துக்கிட்டு, எவ்வளவு நாளோ அவ்வளவு நாள் இருக்கேன். வலிக்கு மருந்து குடுப்பாவ. அது போதும். நான் யோசிக்காம சொல்லல. நீங்க கேக்காதனால யோசிக்க நெறய நேரம் கெடச்சுது.”

நான் கத்தினேன். எழுதத்தான் வேண்டும், கத்தினேன். உனக்கு என்ன தெரியும், இருபது பேரில் நீ ஒருத்தியாக இருக்கக் கூடாதா, மகளை நினைத்தாயா, என்னை நினைத்தாயா என்று. அவளும் விடவில்லை. நான் மூச்சு வாங்குகிற இடைவெளியில் எல்லாம் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் பேசி முடிப்பதற்குள் அந்தப் பெண் குறுக்கே வாசிக்க ஆரம்பித்துவிடுவாள். “கத்தாதிய”, “பக்கத்து வீட்டுல கேக்கும்”, “மறுபடியும் அதையே சொல்லுதிய” என்று எதையும் ஒரே குரலில், வானிலை அறிக்கை மாதிரி. எங்களுக்குக் கல்யாணமான முப்பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு நீளமாகச் சண்டை போட்டதில்லை. முன்பெல்லாம் நான் பாதியில் வெளியே போய்விடுவேன்.

கடைசியில், “நீ இல்லாம நான் என்னட்டி செய்வேன்?” என்றேன். அதுதான் விஷயம். மூன்று வாரமாக அதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறேன்.

அவள் டேப்லட்டைக் கீழே வைத்துவிட்டு இடது கையை என் தலையில் வைத்தாள்.  எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

சார்ஜ் அப்போதும் எழுபத்தொன்பது.

ஆகஸ்ட் 22, வியாழன்

நாளைக்கு ஆஸ்பத்திரி. இரண்டு நாளாக அவள் ஓயாமல் பேசுகிறாள். தேவதாசனுக்குப் போன் போட்டு அவளே சொன்னாள். அவன் அழுதான். காய்கறிக்காரியை அதட்டினாள். எனக்கு வேஷ்டி சரியாகத் துவைக்கத் தெரியவில்லை என்றாள். காதில் இரைச்சலாக இருக்கிறது. ஆனாலும் வெளியே போகத் தோன்றவில்லை.

மனதுக்குள் இன்னும் ஒப்பவில்லை. டாக்டர் எடுத்துச் சொன்னால் மாறுவாளோ என்று ஒரு நப்பாசை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

டாக்டர் சங்கரகோமதி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, எப்போதும்போல என் பக்கம் திரும்பினார். “என்ன சார் முடிவு பண்ணியிருக்கீங்க? சென்னைக்கு எழுதித் தரட்டுமா?”

எட்டு மாதமாக இந்த அறையில் எல்லாக் கேள்விக்கும் நான்தான் பதில் சொல்லியிருக்கிறேன். வலி இருக்கிறதா என்றால் இல்லை என்று நான் சொன்னேன். தூக்கம் வருகிறதா என்றால் வருகிறது என்று நான் சொன்னேன். வாய் வரை வந்தது. சரி என்று ஒரு வார்த்தை போதும், டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

“அவகிட்ட கேளுங்க டாக்டர்” என்றேன்.

டாக்டர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எப்சிபாவுக்கு எதிரே வந்தார். அவள் அடித்தாள். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பெண் வாசித்தாள். வேண்டாம் என்பதைச் சொன்னாள், ஏன் என்பதைச் சொன்னாள், வலிக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டாள். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ஆபரேஷன் இல்லாவிட்டால் ஆறு மாதம் இருக்கலாம், கூடவோ குறையவோ ஆகலாம் என்றார். எப்சிபா தலையை ஆட்டினாள். தபாலாபீஸில் படிவத்தைச் சரிபார்த்து வாங்கிக்கொள்வது போல அதை வாங்கிக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேற ஏதாவது சொல்லணுமாம்மா?” என்றார் டாக்டர்.

மறுபடியும் அடிக்க ஆரம்பித்தாள். எல்லாம் சொல்லியாகிவிட்டதே, இன்னும் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

“இவியளுக்குச் சக்கரை பாக்கணும் டாக்டர். ரெண்டு மாசமா தண்ணி தண்ணியாக் குடிக்காவ. ஆளு பாதியா எளச்சிட்டாவ. பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்காவ. கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுவாவ. எனக்கு அப்புறம் இவியள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர ஆள் கிடையாது. நான் இருக்கும்போதே பாத்திருங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்” என்று வாயைத் திறந்தேன். எப்சிபா என் பக்கம் பார்க்காமலே இடது கையை உயர்த்தினாள். அவள் இன்னும் முடிக்கவில்லை.

“இவிய அம்மாவுக்கு இருந்துச்சு. இவிய கூடப்பொறந்த தம்பிக்கும் இருக்கு” என்று வாசித்தாள் அந்தப் பெண்.

டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார். சென்னைக்கு எழுத வைத்திருந்த தாளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, புதுத் தாளில் என் பெயரை எழுதினார்.

ஆகஸ்ட் 24, சனி

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போனேன். தனியாகப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், டேப்லட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்தது எப்சிபாதான். லேப்பில் ஒரு சின்னப் பெண் என்னை உட்கார வைத்து, பெயர், வயது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், வீட்டில் வேறு யாருக்காவது சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் எப்சிபா பதில் சொன்னாள்.